சாட்சி சொல்ல எழும்புமுன்

லூக்கா 18-ஆம் அதிகாரத்தில் ஆலயத்துக்குப் போன பரிசேயன், நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் யூதப் பிரிவைச் சேர்ந்தவன், தேவனிடம் எதையும் கேட்கவில்லை. சுகம் வேண்டும், வீடு வேண்டும், பிள்ளைக்கு வழி திறக்க வேண்டும் என்று ஒரு விண்ணப்பம்கூட அவன் ஜெபத்தில் இல்லை. "உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்றுதான் சொன்னான். அன்றைக்குத் தள்ளப்பட்டது ஒரு ஸ்தோத்திர ஜெபம். தேவன் தங்களுக்குச் செய்த நன்மையைச் சபைமுன் சாட்சியாகச் சொல்ல எழும்புகிறவர்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

அதற்கு முந்தின அதிகாரத்திலேயே இன்னொரு ஸ்தோத்திரம் இருக்கிறது. பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன், ஒரு சமாரியன், திரும்பி வந்து இயேசுவின் பாதத்தருகே முகங்குப்புற விழுந்தான். இந்த இரண்டு பகுதிகளையும் ஒரே அமர்வில் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். சாட்சி சொல்வதைப் பற்றி எந்த வகுப்பிலும் கிடைக்காத தெளிவு கிடைக்கும்.

மற்ற ஒன்பது பேரையும் நன்றிகெட்டவர்கள் என்று பிரசங்கத்தில் சீக்கிரம் தள்ளிவிடுகிறோம். அவர்கள் எந்தக் கட்டளையையும் மீறவில்லை. ஆசாரியனிடம் போய்க் காண்பியுங்கள் என்று இயேசுவே அனுப்பினார், அவர்கள் போனார்கள். அங்கே செய்ய வேண்டியதும் குறைவில்லை. லேவியராகமம் 14-இன்படி முதலில் இரண்டு குருவிகள், கேதுருக்கட்டை, சிவப்புநூல், ஈசோப்பு. ஏழு நாள் காத்திருக்க வேண்டும். எட்டாம் நாளில் இரண்டு ஆட்டுக்குட்டிகள், ஒரு பெண்ணாட்டுக்குட்டி, ஒரு மரக்காலில் பத்தில் மூன்று பங்கு மாவு, ஓர் ஆழாக்கு எண்ணெய். இல்லாதவனுக்கு ஓர் ஆட்டுக்குட்டியும் இரண்டு புறாவும் போதும் என்று சலுகையும் உண்டு. செய்ய வேண்டியதைச் செய்யத்தான் ஒன்பது பேரும் போனார்கள். சமாரியன் அதற்கு நடுவே தன் உடம்பைப் பார்த்தான், நின்றான், திரும்பினான். கடமையைச் சரியாகச் செய்கிற குடும்பங்களில் நன்றி எங்கே நழுவுகிறது என்பது இதில் தெரிகிறது. ஆராதனைக்கு வருகிறோம், தசமபாகம் கொடுக்கிறோம், ஓய்வுநாள் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புகிறோம். நடுவில் நின்று திரும்பிப் பார்க்க மட்டும் நேரம் ஒதுக்குவதில்லை.

அவன் குரலையும் கவனியுங்கள். குஷ்டரோகி தன் வாயாலேயே "தீட்டு, தீட்டு" என்று சத்தமிட வேண்டும் என்பது சட்டம். அதே குரலால்தான் தூரத்தில் நின்று இரக்கம் கேட்டான். இப்போது அதே உரத்த குரலால் தேவனை மகிமைப்படுத்துகிறான். தூரமும் மாறிவிட்டது; எட்ட நின்றவன் பாதத்தருகே வந்துவிட்டான். பரிசேயனைப் பாருங்கள், அவன் நின்ற இடத்தைவிட்டு ஓர் அடிகூட அசையவில்லை. அதே ஆலயத்தில் தூரத்தில் நின்ற ஆயக்காரன், வரி வசூலிக்கிறவன், சொன்னது நாலே சொல்: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குப் போனவன் அவன்.

பரிசேயனின் ஸ்தோத்திரம் எந்த இடத்தில் கெட்டது? "மற்ற மனுஷரைப்போலவும், இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால்" என்ற இடத்தில். நன்றிக்குள் இன்னொருவனை நிறுத்தி, அவனைவிட உயரமாக நின்றான். இந்த வாக்கிய அமைப்பு இன்றைய சாட்சிகளிலும் அப்படியே இருக்கிறது, சொல்கிறவருக்கே தெரியாமல். "அந்த பஸ் விபத்தில் ஏழு பேர் போய்விட்டார்கள், எங்களை மட்டும் ஆண்டவர் காத்தார்." "எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் காய்ச்சல், கர்த்தருடைய கிருபையால் எங்கள் வாசலை அணுகவில்லை." சொல்கிறவர் மனதில் பெருமை இல்லை, பயம் தெளிந்த நிம்மதிதான். ஆனால் போனவர்களில் ஒருவருடைய மனைவி கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். அவர் காதில் அது எப்படி விழும்? தன் கணவரைத் தேவன் காக்கவில்லை என்று விழும். ஆகவே எழுதி வைத்த சாட்சியில் "எங்களை மட்டும்", "மற்றவர்களுக்கு", "எல்லோரையும்விட" என்ற சொற்கள் வந்தால் அந்த வரியை முழுதாக அடித்துவிடுங்கள். அடித்த பிறகும் நன்றி குறையாமல் நிற்கும்.

எழுதி வைத்த சாட்சி என்று சொன்னேன். ஆம், எழுதுங்கள். ஆவியானவர் நடத்துவார், எழுதினால் செயற்கையாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். சங்கீதங்களில் இருக்கிற ஸ்தோத்திரங்களும் எழுதப்பட்டவையே. எழுதாமல் பேசும்போது மூன்று நிமிடம் பன்னிரண்டு நிமிடமாகிறது; ஆஸ்பத்திரி பில்லும் மருந்துப் பெயரும் நினைவில் இருக்கிறது, தேவனுக்கு நன்றி சொல்லும் வரி அவசரத்தில் கடைசி மூச்சில் வருகிறது.

அமைப்புக்குச் சங்கீதம் 107-ஐவிட நல்ல அச்சு இல்லை. வனாந்தரத்தில் வழி தப்பினவர்கள், சிறையில் கிடந்தவர்கள், நோயில் விழுந்தவர்கள், கடலில் புயலில் அகப்பட்டவர்கள் என்று நாலு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரே வரிசை: பட்ட கஷ்டம், கூப்பிட்ட குரல் (6, 13, 19, 28), கிடைத்த விடுதலை, துதி (8, 15, 21, 31). உங்கள் சாட்சியும் இந்த நாலு பகுதிக்குள் அடங்கட்டும். நோட்டில் இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்.

முதல் பகுதியில் கஷ்டத்தை உள்ளபடி சொல்லுங்கள். கடலில் போனவர்கள் வெறித்தவனைப்போல் தடுமாறினார்கள், அவர்கள் ஞானமெல்லாம் முழுகிப்போனது என்று சங்கீதக்காரன் எழுதுகிறான். பயந்ததை மறைத்து, "அந்த நிமிஷத்திலும் என் விசுவாசம் அசையவில்லை" என்று சொல்வது சாட்சியைச் சுயசாட்சியாக்கிவிடும். அதே சமயம் கூட்டிச் சொல்லவும் கூடாது. "டாக்டர் கைவிட்டுவிட்டார்" என்பது மிக அதிகமாகக் கேட்கிற வாக்கியம். டாக்டர் உண்மையில் அப்படிச் சொன்னாரா, அல்லது "கொஞ்சம் சிக்கலான கேஸ், பார்ப்போம்" என்றாரா? சொன்னதை மட்டும் சொல்லுங்கள். தேவனுடைய கிரியை பெரிதாகத் தெரிய நம் மிகைப்படுத்தல் தேவையில்லை.

இரண்டாம் பகுதி ஒரு வரிதான். என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள்? மூன்றாவதில் நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும். உதவின மனிதர்களையும் சேர்த்து. இதில் பலர் தயங்குகிறார்கள். மனிதரைப் புகழ்ந்தால் தேவ மகிமை குறையும் என்ற பயம். பவுலுக்கு அந்தப் பயம் இல்லை. ரோமர் 16-இல் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார்; பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தன் பிராணனுக்காகத் தங்கள் கழுத்தைக் கொடுத்தார்கள் என்று சொல்லி நன்றி தெரிவிக்கிறார். பிலிப்பியர் 4-இல் தெசலோனிக்கேயில் இருந்தபோதும் ஒருதரம் இரண்டுதரம் உதவி அனுப்பினீர்கள் என்று கணக்கை நினைவில் வைத்து எழுதுகிறார். ராத்திரி இரண்டு மணிக்கு இரத்தம் கொடுக்க வந்த தம்பியைச் சாட்சியில் விட்டுவிடாதீர்கள்.

ஒரு மாதிரி இப்படி இருக்கலாம்:

"போன மாதம் ஒரு ராத்திரி அப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. வண்டி கிடைக்கவில்லை. எனக்குக் கை கால் ஓடவில்லை. 'ஆண்டவரே, எங்களால் ஒன்றும் முடியவில்லை' என்று மட்டும் சொன்னோம். எதிர்வீட்டு அண்ணன் தன் காரை எடுத்தார். டியூட்டி டாக்டர் உடனே பார்த்தார். ஐந்தாம் நாள் அப்பா வீட்டுக்கு வந்தார். இன்னும் மருந்து சாப்பிடுகிறார், மாடிப்படி ஏற முடியவில்லை. கூடுதலாகக் கிடைத்த இந்த நாட்களுக்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறோம். எதிர்வீட்டுக் குடும்பத்துக்கும் எங்கள் நன்றி."

ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது. "முழு சுகம்" என்று சொல்லாமல் உள்ள நிலையைச் சொல்வதால், அடுத்த மாதம் அப்பா மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் சாட்சி பொய்யாகாது. இதைச் சபையில் சொல்லும் முன் அப்பாவிடம் அனுமதி கேட்டிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணவரின் குடி, மகளுக்குத் தள்ளிப்போன வரன், மருமகளுக்குக் கருக்கலைந்தது, இவையெல்லாம் அவரவருடைய காரியங்கள். சொல்லலாமா என்று கேட்டால் அவர்கள் வேண்டாம் என்று சொல்லக்கூடும் என்று தோன்றினால், வேண்டாம் என்பதே பதில். படுக்கையில் கிடப்பவரின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு "ஜெபத்துக்கு நன்றி" என்று எழுதுவதற்கும் இதே விதிதான்.

யூதர்கள் 107-ஆம் சங்கீதத்திலிருந்தே ஒரு வழக்கத்தை உண்டாக்கினார்கள். இந்த நாலு ஆபத்துகளில் ஒன்றிலிருந்து தப்பினவர் பத்துப் பேர் கூடின இடத்தில் எழும்பி ஓர் ஆசீர்வாத வாக்கியம் சொல்லுவார். தகுதியற்றவர்களுக்கு நன்மை செய்கிற தேவன் எனக்கு எல்லா நன்மையும் செய்தார் என்பது அதன் கருத்து. ஒரே வாக்கியம். அதற்குள் நன்றியும் இருக்கிறது, நான் இதற்குத் தகுதி இல்லை என்ற தாழ்மையும் இருக்கிறது. கூடியிருப்பவர்களும் சும்மா இருப்பதில்லை. உனக்கு நன்மை செய்தவர் இனியும் செய்வாராக என்று பதில் சொல்லுகிறார்கள். சாட்சி கேட்ட சபையும் "ஆமென்" என்று ஒப்புக்குச் சொல்லி அடுத்த பாட்டுக்குப் போகாமல், அந்த ஒருவருக்காக அரை நிமிடம் ஜெபித்தால் மிகவும் நல்லது.

எப்போது சொல்வது? தள்ளிப்போடாமல். லேவியராகமம் 7-இல் ஸ்தோத்திரபலிக்கு ஒரு தனி விதி உண்டு. பொருத்தனைக்காகவோ உற்சாகமாகவோ செலுத்தின பலியின் மாம்சத்தை மறுநாளும் சாப்பிடலாம். ஸ்தோத்திரபலியை அன்றைக்கே சாப்பிட வேண்டும், விடியும்வரை ஒன்றும் மீதியாகக் கூடாது. அதோடு புளிப்பில்லாத அதிரசம், அடை, வறுத்த மாவு அதிரசம், புளித்த அப்பம் என்று நாலு வகையும் வேண்டும். கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா இதன் அளவைச் சொல்கிறது: வகைக்குப் பத்து, ஆக நாற்பது. வகைக்கு ஒன்றாக நாலு ஆசாரியனுக்கு; மீதி முப்பத்தாறும், ஓர் ஆட்டின் இறைச்சியும், ஒரே ராத்திரிக்குள் தீர வேண்டும். ஒரு குடும்பத்தால் முடியுமா? பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். கூப்பிட்டால் ஏன் என்று கேட்பார்கள். நடந்ததைச் சொல்லியாக வேண்டும். பந்தியும் சாட்சியும் அப்படியே ஒட்டிக்கொள்கின்றன. திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் அசனம் வைக்கும்போது ஊரே ஒரே பந்தியில் உட்கார்வதைப் பார்க்கிறவர்களுக்கு இந்த விதியின் அர்த்தம் விளக்காமலே புரியும்.

புது வீட்டுப் பிரதிஷ்டைக்கும், வேலை கிடைத்த சாட்சிக்கும், படிப்பு முடித்த சாட்சிக்கும் உபாகமம் 26 பொருந்தும். முதற்பலனைக் கூடையில் வைத்துக்கொண்டு வருகிறவன் சொல்ல வேண்டிய வார்த்தைகளையே அங்கே கொடுத்திருக்கிறது. அவன் விளைச்சலைப் பற்றித் தொடங்குவதில்லை. "என் தகப்பன் அழிவுக்கு நேரான சீரியா தேசத்தானாயிருந்தான்" என்று தொடங்குகிறான். அதன்பின் எகிப்தின் அடிமைத்தனம், கூக்குரல், விடுதலை, தேசம். கூடை வருவது கடைசியில். புது வீட்டில் நன்றி சொல்லும்போது சதுர அடியிலும் டைல்ஸிலும் தொடங்காமல், எந்த வாடகை வீட்டின் எந்த ஒழுகல் கூரையில் தொடங்கினோம் என்று தொடங்குங்கள். கடனில் கட்டின வீடு என்றால் அதையும் சொல்லலாம். "என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும்" என்று இருதயம் சொல்லும் என்று உபாகமம் 8 எச்சரித்தது, நல்ல வீடுகளைக் கட்டிக் குடியிருக்கும் நாட்களைப் பற்றித்தான்.

அதே 26-ஆம் அதிகாரத்தின் 11-ஆம் வசனம் லேவியனும் அந்நியனும் கூடச் சந்தோஷப்பட வேண்டும் என்கிறது. பிரதிஷ்டை நாளில் கொத்தனார், சித்தாள், ஆசாரி, பெயிண்டர் எல்லோரையும் கூப்பிடுங்கள், முதல் பந்தியில் உட்கார வையுங்கள். அவர்களைக் கடைசிப் பந்திக்கு நிறுத்திவைத்து, முன் வரிசை நாற்காலியைப் பெரியவர்களுக்குப் போட்டால், யாக்கோபு 2-இல் பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடமும் ஏழைக்குப் பாதபடியும் காட்டின சபை நம் வீட்டிலேயே கூடிவிட்டது. முதற்பலன் ஊர்வலத்தில் அகிரிப்பா ராஜாவும் தன் கூடையைத் தன் தோளிலேயே சுமந்து ஆலயப் பிராகாரம்வரை நடந்தான் என்று மிஷ்னா சொல்கிறது. ஐசுவரியவான் வெள்ளிக் கூடையில் கொண்டுவந்தாலும், ஏழை தோலுரித்த அலரிக் குச்சியில் முடைந்த கூடையில் கொண்டுவந்தாலும், சொல்ல வேண்டிய வார்த்தைகள் இருவருக்கும் ஒன்றுதான்.

ஸ்தோத்திர காணிக்கை பற்றி ஒன்று மட்டும். பெயரையும் தொகையையும் வாசிக்கிற வழக்கம் உள்ள சபைகளில், உங்கள் கவரின் மேல் காரணத்தை மட்டும் எழுதிப் பெயரை விட்டுவிடலாம். ஒருவரும் தடுக்கமாட்டார்கள். இரண்டு காசு போட்ட விதவையின் பெயர் நமக்குத் தெரியாது.

இப்போது கடினமான இடம். நன்றி சொல்ல எதுவும் நடக்காதபோது என்ன செய்வது? "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்ற வசனத்தை எழவு வீட்டில் போய்ச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். யோபு "கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்" என்று சொன்னது உண்மை. அதற்குமுன் சால்வையைக் கிழித்தான், தலையைச் சிரைத்தான், தரையிலே விழுந்தான். யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆபகூக் 3-இல் அத்திமரம், திராட்சச்செடி, ஒலிவமரம், வயல், ஆட்டுமந்தை, தொழுவம் என்று ஆறு இழப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொன்ன பிறகே "ஆனாலும்" வருகிறது. துக்கத்தில் இருக்கிறவர் அந்த ஆறையும் சொல்லி முடிக்கட்டும். "ஆனாலும்" என்பதை அவர் வாய்தான் சொல்ல வேண்டும், நம் வாய் அல்ல. அதற்கு ஒரு வருஷம் ஆகலாம்.

பொது இடத்துச் சாட்சி நிற்க வேண்டுமானால் வீட்டில் அதற்கு வேர் வேண்டும். தானியேலை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது நாள் ஒருவரும் ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் விண்ணப்பம் செய்யக் கூடாது என்று கட்டளை வந்தது. தெரிந்தும் அவன் வீட்டுக்குப் போய், எருசலேமுக்கு நேரே பலகணி திறந்த மேலறையில், தினம் மூன்று வேளையும் "தான் முன் செய்துவந்தபடியே" முழங்காற்படியிட்டு ஸ்தோத்திரம் செலுத்தினான். அன்றைக்கென்று புதிதாக ஒன்றும் செய்யவில்லை. இடம், திசை, நேரம் எல்லாம் முன்பே பழகியிருந்ததால் சிங்கக்கெபி தெரிந்தபோதும் கால் தானாக மேலறைக்குப் போனது.

குடும்ப ஜெபத்துக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: நேரமும் இடமும் மாறக் கூடாது. பதினைந்து நிமிடம் போதும், ஒரு மணி நேரம் என்று தொடங்கினால் இரண்டாம் வாரத்தில் நின்றுபோகும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே வையுங்கள். சாப்பிட்ட பிறகு வைத்தால் சின்னப் பிள்ளைகள் தூங்கிவிடும். ஒரு பாட்டு, பத்து வசனத்துக்கு மேற்படாத ஒரு பகுதி, அதன்பின் ஆளுக்கு ஒரு நன்றி. அந்த நன்றி அன்றைக்கு நடந்ததாக இருக்க வேண்டும், பெயர் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். "எல்லாவற்றுக்காகவும் ஸ்தோத்திரம்" என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டாம். சின்னவர் முதலில், பெரியவர் கடைசியில். பெரியவர் முதலில் சொன்னால் பிள்ளைகள் அதையே திருப்பிச் சொல்வார்கள். அப்பாவும் அம்மாவும் தாங்கள் அன்றைக்குத் தவறினதையும் ஒரு வரியில் சொன்னால் ஆயக்காரனின் ஜெபம் வீட்டுக்குள் நுழைந்துவிடும்.

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று நூறு தடவை, ஆயிரம் தடவை அடுக்கிச் சொல்கிற பழக்கமுள்ளவர்கள் 136-ஆம் சங்கீதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 26 வசனத்திலும் ஒரே பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் ஒவ்வொரு பல்லவிக்கும் முன்னால் வானம், சூரியன், சிவந்த சமுத்திரம், ஆகாரம் என்று ஒரு புதுக் காரணம் இருக்கிறது. காரணத்தோடு இருபத்தாறு சொன்னாலே நெஞ்சு நிறைந்துவிடும்.

கடைசியாக, சாட்சி நேரத்தை நடத்துகிறவர்களுக்கு. மிஷ்னாவில் முதற்பலன் பற்றி இன்னொரு குறிப்பு உண்டு. ஆரம்பத்தில் வாசிக்கத் தெரிந்தவர்கள் தாங்களே வார்த்தைகளைச் சொன்னார்கள். தெரியாதவர்களுக்கு ஒருவர் சொல்லிக்கொடுக்க, அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். நாளடைவில் வாசிக்கத் தெரியாதவர்கள் வெட்கப்பட்டுக் கூடை கொண்டுவருவதையே நிறுத்திவிட்டார்கள். அதனால், தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே மாதிரி சொல்லிக்கொடுப்பது என்று தீர்மானித்தார்கள்.

உங்கள் சபையிலும் மைக்கைக் கண்டால் பின்வாங்குகிற பாட்டிகளும், பீடித் தொழிலுக்குப் போகிற அக்காமார்களும், திக்கிப் பேசுகிற தம்பிகளும் இருப்பார்கள். நன்றாகப் பேசுகிற அதே நாலு பேர் வாராவாரம் எழும்பினால் இவர்கள் ஒருநாளும் எழும்பமாட்டார்கள். ஆகவே எல்லோருக்கும் கேள்வி கேட்டே சாட்சி வாங்குங்கள், நன்றாகப் பேசுகிறவர்களுக்கும் சேர்த்து. என்ன நடந்தது? ஆண்டவரிடம் என்ன சொன்னீர்கள்? யார் உதவினார்கள்? எதற்காக நன்றி சொல்கிறீர்கள்? நாலே கேள்வி. மைக்கைக் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போகாமல் நீங்களே பிடித்துக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். அழுகை வந்து பேச்சு நின்றால் அவசரப்பட்டு வாக்கியத்தை முடித்துக்கொடுக்காதீர்கள். கொஞ்சம் பொறுத்து, கடைசிக் கேள்வியை மறுபடியும் மெதுவாகக் கேளுங்கள்.